நடுத்தரம் என்று போட்ட டாக்டரம்மா

டாக்டரம்மாவின் ஃபோனில் ஐந்து வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன; மேலே போகப் போக உசத்தியாம். நடு வட்டத்தைத் தொட்டு வைத்திருந்தார்கள். "உங்க மகளுக்கு நடுத்தரம்னு போட்டிருக்கேன். அனுப்புறதுதான் பாக்கி" என்று அவர்கள் சொன்னபோது எனக்கு வந்த எரிச்சலை, முருகா, இன்றைக்கு நினைத்தாலும் அடக்க முடியவில்லை.

மூளை, நரம்பு பற்றிய ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேர மகள் பெங்களூருக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளை அறிந்த மூன்று பேர் அவளைப் பற்றி எழுதி நேராக அங்கே அனுப்ப வேண்டுமாம். கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர் எழுதிவிட்டார்கள். மூன்றாவது ஆள், போடியில் வலிப்புக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. மூளையின் அலையைப் பதிவு செய்கிற மெஷினில் மகள் அவர்களிடம் ஒன்றரை வருடம் வேலை பார்த்தாள். மூன்று வாரமாக "எழுதுறேன், எழுதுறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் ஆட்களைப் பார்க்கப் போய்விடுவார்கள். "திரும்பத் திரும்பக் கேட்டா மரியாதையா இருக்காதும்மா" என்று மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இவள் மரியாதைக்காக ஒரு வருடம் வீணாகப் போகட்டுமா?

வெள்ளிக்கிழமை விளக்கை அரைகுறையாக ஏற்றிவிட்டு, கூலி ஆட்களை ஏற்றும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். "என்ன மதினி, நீங்களும் காய் எடுக்கக் கெளம்பிட்டீகளா?" என்றார் டிரைவர். "ஆமாப்பா, ஒரு லெட்டரு பழுக்காமக் கெடக்கு. உலுக்கிப் பாக்கணும்" என்றேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குலதெய்வத்தைக் கும்பிட்டபடியே போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்தது அந்த நடு வட்டம்.

டாக்டரம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. எத்தனை பேரைக் குணமாக்கினாலும் "பரவாயில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அதைக் கேட்டதும் போடிக்காரர்கள் கோயிலில் தேங்காய் உடைக்கப் போய்விடுவார்கள். இது பெங்களூரில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? மகளின் மார்க்கைக் கேட்டவர்களிடமெல்லாம் பத்து குறைத்தே சொல்லியிருக்கிறேன். புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று என் வாயை நானே கட்டி வைத்திருந்தேன்.

"வேற என்னம்மா போடச் சொல்றீங்க? எனக்குப் பொய் எழுத வராது" என்றார்கள்.

வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தேன். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை செய்த ஒருவருக்கு, வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஏலக்காய் வாசம் வருமாம். மகள்தான் அவரைக் குடைந்து குடைந்து கேட்டாள். தேவாரம் ஊரில் மாமியார் வீட்டுச் சோளக்காட்டில் நின்றபோதும் அதே வாசம் வந்ததாம். சுற்றுவட்டாரத்தில் ஒரு ஏலச்செடி கிடையாது. "வாசம் ஸ்டோர்ல இல்லம்மா, அவர் மூளைக்குள்ள இருந்து வருது" என்று அன்றைக்குச் சோறுகூடத் தின்னாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மேல்படிப்பு ஆசையே அதிலிருந்து பிடித்ததுதான். இதையெல்லாம் சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களே அதைக் கவனிக்கலையேம்மா" என்றும் சொல்லிவிட்டேன்.

போச்சு, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஆமா" என்றார்கள் டாக்டரம்மா. "ஸ்டோர்ல வேல பாக்குறவனுக்கு ஏலக்கா வாசம் வராம மல்லிகைப்பூ வாசமா வரும்னு அந்தாளை வெரட்டிவிட்டேன். இதை நான் எழுதவே இல்ல, பாருங்க." ஃபோனைப் பக்கத்தில் இழுத்தார்கள். "மொதல்லருந்து சொல்லுங்க. வெரசா, டவரு போயிரும்."

நான் சொல்லச் சொல்ல அவர்கள் இங்கிலீஷில் தட்டினார்கள். முடிவில் விரல் மேலே போய் முதல் வட்டத்தைத் தொட்டது.

பெங்களூர் நேர்முகத் தேர்வில் அந்த ஏலக்காய் வாசத்தைப் பற்றித்தான் முக்கால்வாசி நேரம் கேட்டார்களாம். மகள் இப்போது அங்கே மூன்றாம் வருடம். டாக்டரம்மா போன ஆடியில் காலமாகிவிட்டார்கள். மகள் ஃபோனில் பேசும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறாள்: "டாக்டரம்மா என்னைப் பத்தி அப்படி என்னதாம்மா எழுதுனாங்க?"

"எனக்கென்னடி தெரியும், இங்கிலீஷுல எழுதுனாங்க" என்கிறேன். "சாப்டியா?"