இச்சி மரத்தில் கட்டிய பதினான்கு நூல்கள்

எதிர்வீட்டு அக்கா எங்கள் வீட்டு மணியை அடிப்பது வழக்கமில்லை. கேட்டுக்கு வெளியே நின்று "அம்மணி" என்று ஒரு குரல் கொடுப்பார். அது பின்பக்கத்துத் துவைக்கிற கல் வரைக்கும் கேட்கும். அந்த மே மாதத்துச் சனிக்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா நின்றுகொண்டிருந்தார். இடுப்போடு அணைத்திருந்த எதையோ ஒரு பழைய வேட்டியால் சுற்றி மூடியிருந்தார்.

"கதவைச் சாத்து அம்மணி. தெருவுல யாரும் பாக்கல."

உள்ளே வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்து வேட்டியை எடுத்தார். அண்ணனின் இச்சி மரம், ஆல், அரசு வகையில் ஒன்று. தட்டையான தொட்டி, அதில் பதினாறு அங்குல உயரத்துக்கு ஒரு மரம், மரத்தில் ஓர் இலைகூட இல்லை.

"இருக்குதா, போயிருச்சா? அதை மட்டும் சொல்லு."

அக்காவின் கணவரைத்தான் நான் அண்ணன் என்பேன். பல்லடத்தில் அவர் தறி ஓட்டிய காலத்தில் கொட்டகைச் சுவரின் விரிசலில் முளைத்திருந்த கன்று அது. பிடுங்கி எறியச் சொன்ன கொத்தனாரிடமிருந்து வாங்கி, சிகரெட் பெட்டி அளவு டப்பாவில் நட்டார். இருபத்தாறு வருடமாகத் தொட்டி மாற்றி, வேர் வெட்டி, கம்பி சுற்றி வளர்த்தது. என் மொட்டை மாடியிலும் ஒன்பது குட்டை மரங்கள் இருக்கின்றன. அவரும் நானும் மரம் விஷயத்தில் ஒத்துப்போனதே கிடையாது. அவர் கண்ணால் பார்த்து வெட்டுவார். நான் அளந்து, டைரியில் எழுதிவிட்டு வெட்டுவேன். "உங்க மரமெல்லாம் பரீட்சை எழுதப் போற புள்ளைகளாட்டம் நிக்குது" என்பார். "உங்க மரம் பரீட்சைக்கே போகாத புள்ளைங்களாட்டம் இருக்குதுங்க" என்பேன்.

ஆறு மாதத்துக்கு முன் காரமடைப் பக்கத்துத் தோட்டத்தில் வரப்பு வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். அக்காவும் கூடவே இருந்தார். அடுத்த வாரத்து ஞாயிறு அண்ணன் வீடு திரும்புகிறார். வீட்டைத் துடைத்துத் தயார் செய்ய அக்கா முன்னால் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"தினமும் போன்ல கேக்கறாரு, மரம் எப்படி இருக்குதுன்னு. நல்லா இருக்குதுன்னே சொல்லிப்போட்டேன்."

"நாலு நாளாவா?"

"ஆறு மாசமா. அங்க கூட இருந்தப்பவும் பாக்காமயே அதைத்தான் சொன்னேன்."

பிறகு அக்கா தன் திட்டத்தைச் சொன்னார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நர்சரியில் இதே உயரத்தில் ஒரு இச்சி இருக்கிறது. போனில் படமும் எடுத்து வந்திருந்தார். இது போய்விட்டது என்று நான் சொன்னால், அன்று மாலையே அதை வாங்கி இந்தத் தொட்டியில் வைத்துவிடுவது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உயரம் சரி. அடிமரம் ஒரு புனல் மாதிரி நேராக இறங்கியது. அண்ணனின் மரம் அடியிலேயே இடதுபக்கம் ஒரு முறை வளைந்து எழும்.

"இது வேற மரமுங்க அக்கா. பார்த்த நிமிஷம் தெரிஞ்சுக்குவாரு."

"எனக்கு ரெண்டுமே ஒண்ணாத்தான் தெரியுது. கண்ணாடி மாத்தி ரெண்டு வருஷமாச்சு, அதையே அவரு இன்னும் கவனிக்கல."

"உங்களைக் கவனிக்க மாட்டாருங்க. மரத்தைக் கவனிப்பாரு."

அக்கா சிரித்தார். உடனே கண் கலங்கிவிட்டது. நடக்க முடியாமல் கிடந்த ஆறு மாதமும் அண்ணன் பேசியது ஊருக்குத் திரும்புவதைப் பற்றியும் இந்த மரத்தைப் பற்றியும்தானாம். "வந்து இதைப் பாத்தாருன்னா ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு அம்மணி. பேசாம உக்காந்துக்குவாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

எனக்கு ஒரு விதி உண்டு. பார்த்த நாளிலேயே தீர்ப்புச் சொல்வதில்லை. முன்பு ஒரு போகன்வில்லாவின் நுனிக் கிளையை ஒடித்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று குப்பைக் குழியில் வீசினேன். பத்து நாளில் அது குழிக்குள்ளேயே துளிர்த்து என்னை அவமானப்படுத்தியது. எல்லாரும் உச்சியிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறார்கள். மரம் முதலில் கைவிடுவதும் உச்சியைத்தான். அதனால் நான் அடியிலிருந்து தொடங்குவேன்.

ஸ்பின்னிங் மில்லில் நூலின் பலம் சோதிக்கும் லேப்பில் எனக்கு வேலை. அங்கே ஓர் இழை அறுந்தது என்பதற்காக நூல் சுற்றிய ஒரு கோனையே தள்ளிவிட மாட்டோம். பல இடத்தில் எடுத்துப் பார்ப்போம். மரத்துக்கும் அதே முறைதான். கழிவு நூலில் வெள்ளையும் சிவப்பும் எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டையை நகம் அளவுக்குச் சுரண்டி, உள்ளே பச்சை இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி வெள்ளை நூல், பழுப்பாக இருந்தால் சிவப்பு நூல். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குத்தி தொட்டிமேல் படும்போல் குனிந்து உட்கார்ந்தார்.

முதல் இடம் மண்ணுக்கு மேல் அரை அங்குலத்தில். பச்சை, ஆனால் வெளிறிய பச்சை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது இடத்தில் கத்தி பட்டதும் ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு வெள்ளையாக ஒரு துளி திரண்டது.

"பாலு!" என்று அக்கா என் தோளில் ஓர் அடி வைத்தார்.

"அடிமரத்துலதானுங்க. இன்னும் மேல போகணும்."

மேலே போகப் போக வெள்ளை நூல் வேலையில்லாமல் கிடந்தது. ஆறாவது இடத்திலிருந்து எல்லாமே சிவப்பு. சுள்ளிகள் வளைக்கும்போதே சடக்கென்று ஒடிந்தன. பதினான்கு இடங்களில் ஐந்து வெள்ளை, ஒன்பது சிவப்பு. ஐந்தும் அடியிலிருந்து ஐந்தரை அங்குலத்துக்குள் முடிந்துவிட்டன. அதில் ஒன்று இடதுபக்கக் கீழ்க்கிளையின் ஆரம்பம்.

அப்போதுதான் தொட்டியின் விளிம்பைக் கவனித்தேன். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. மண்மேலும் மாவு தூவியது மாதிரி ஒரு படலம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சுருக்கென்று உப்பு.

"அக்கா, எந்தத் தண்ணி ஊத்துனாங்க?"

அக்கா வேட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குழாயில் வருவது நல்ல தண்ணி. கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறைதான் வரும். தொட்டியிலும் குடத்திலும் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி. அது உப்பு. தரையில் நிற்கும் தென்னைக்கு அந்த உப்பு ஒரு பொருட்டில்லை. கை அகலத் தொட்டிக்கு அது விஷம். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். அண்ணன் இந்த மரத்துக்கென்றே நல்ல தண்ணியைத் தனிக் கேனில் பிடித்து வைப்பார். ஊருக்குப் போகும்போதும் அதையே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"மாடியில குடியிருக்கற புள்ளைகிட்டத்தான் ஊத்தச் சொன்னேன்" என்றார் அக்கா. "ரெண்டு கைக்கொழந்தைய வெச்சுட்டு, ஒவ்வொரு குடமா மேல தூக்கிட்டுப் போகுது. அதுகிட்ட, நீ குடிக்கற தண்ணியில எங்கூட்டு மரத்துக்கு ஊத்துன்னு எப்படிக் கேக்கறது? வாய் வருமா? எந்தத் தண்ணியா இருந்தாலும் ஊத்து கண்ணுன்னு சொல்லிப்போட்டேன்."

அந்தப் பெண் ஒரு நாள்கூடத் தவறாமல் மாலை ஐந்து மணிக்கு ஒரு சொம்பு போர் தண்ணி ஊற்றியிருக்கிறாள். ஆறு மாதமும். மரத்தை யாரும் மறக்கவில்லை. அதுதான் வினை.

தொட்டியிலிருந்து மரத்தைக் கழற்றி வேரைப் பார்த்தேன். கறுத்த வேர்களை விரலால் உருவினால் தோல் கையோடு வந்தது. அவை போனவை. மூன்றில் ஒரு பங்கு உறுதியாக, இளம் பழுப்பில் இருந்தன. அவற்றில் இரண்டு தடித்தவை, வளைவுக்கு நேர் கீழே. எழுதிக்கொண்டேன். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று அக்காவை அனுப்பினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே கேட்டில் நின்றுகொண்டிருந்தார். மறுபடி அதே இடங்களைப் பார்த்தேன். வெள்ளை நூல் ஐந்தும் அப்படியே பச்சை.

"பொழைக்குமுங்க. எனக்குச் சந்தேகமில்ல. ஆனா இந்த உருவத்துல பொழைக்காது. ஐந்தரை அங்குலத்துக்கு மேல எல்லாம் போயிருச்சு. வெட்டோணும்."

"பதினாறுல ஐந்தரையா? அதுக்குப் பேரு மரமா, முளைக்குச்சியா?"

"அந்த வளைவு இருக்குதுல்லைங்க. ரெண்டு வேர் இருக்குது, ஒரு கிளை இருக்குது. மூணு வருஷத்துல மரமாயிரும்."

"அப்ப நர்சரி?"

"நர்சரி மரத்தைக் கொண்டுவந்து வெச்சா, இதை நான் எடுத்துட்டுப் போயி எங்க மாடியில வளர்ப்பேன். ஒரு நாள் அண்ணன் மேல வந்து பாப்பாரு. அப்ப என்ன சொல்றது?"

அக்கா போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "வெட்டு அம்மணி. இன்னிக்கே வெட்டிப்போடு. பாத்தா பழகிக்கட்டும்" என்றார்.

நான் மறுத்துவிட்டேன். உப்பும் வேரும் காத்திருக்காது, அவற்றை இன்றே சரி செய்ய வேண்டும். செத்த உச்சி ஒரு வாரத்தில் இன்னும் அதிகமாகச் செத்துவிடாது. இருபத்தாறு வருடம் அவர் வெட்டிய மரம். தலையை அவரே எடுக்கட்டும் என்றேன். வெட்ட வேண்டிய ஐந்தரை அங்குலத்தில் சிவப்பு நூலை இரட்டையாகக் கட்டினேன்.

வேரைக் கழுவ இரண்டு குடம் நல்ல தண்ணியாவது வேண்டும். குழாயில் தண்ணி வந்து எட்டு நாளாகிவிட்டது, என்னிடம் ஒரு குடம் இருந்தது. அக்கா வீட்டுத் தொட்டியை அன்றுதான் கழுவி வைத்திருந்தார். "நீங்க மாடியில கேளுங்க" என்றேன். படிக்கட்டுக்குக் கீழே நின்று இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார் அக்கா. மூன்றாம் முறை கேட்டுவிட்டார். அந்தப் பெண் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் குடத்தோடு இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்க அம்மா, அன்னைக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேனுங்க. ஒரு சொம்புதானுங்களே."

"அதுதான் கண்ணு, கேக்கல நானு."

உப்புப் படலத்தைச் சுரண்டி எடுத்து, கறுத்த வேர்களை நீக்கி, மூன்று முறை அலசி, புது மணல் கலவையில் நட்டு எங்கள் கிழக்கு நிழலில் வைத்தேன். ஒரு வாரம் முழுக்கக் காலை ஏழு மணிக்கு அக்கா வந்து பார்ப்பார். ஒன்றும் மாறியிருக்காது. "மாறாம இருக்கறதே நல்ல சேதிதானுங்க" என்பேன்.

அண்ணன் வந்த ஞாயிறு, கார் நின்று அவர் வாக்கரை ஊன்றி இறங்குவதற்குள் மரத்தை அவர்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்துவிட்டோம். அதை முதலில் பார்க்கட்டும் என்று அக்காதான் முடிவு செய்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மரத்தைப் பார்த்தார்.

"இதென்ன, மாரியம்மன் கோயில் மரமாட்டம் கயிறு கட்டி வெச்சிருக்கீங்க?"

 அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். போனில் சொன்ன பொய், போர் தண்ணி, நர்சரிப் படம் உட்பட எல்லாம். ஒன்றைக்கூட விடவில்லை. அண்ணன் நூல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளைகிட்டயா நல்ல தண்ணி கேக்கச் சொன்னேன் நானு?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அக்கா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அண்ணன் சிறு ரம்பம் கேட்டார். கேட்டுவிட்டு, என் இரட்டைச் சிவப்பு நூலைக் காட்டினார். "ஐந்தரையிலயா வெட்டோணும்?"

"ஆமாங்க. அதுக்கு மேல எல்லாம் பழுப்பு."

"எந்தப் பக்கம் சொரண்டுனீங்க?"

எனக்குச் சுரீரென்றது. பதினான்கு இடத்தையும் மரத்தின் முன்பக்கத்திலேயே சுரண்டியிருந்தேன். நூலைச் சுற்றிக் கட்டியதால் சுற்றிலும் பார்த்துவிட்டதாக நானே நம்பியிருக்கிறேன். லேப்பில் ஒரே பக்கத்திலிருந்து பதினான்கு இழை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் திருப்பி அனுப்புகிறவள் நான்.

அவர் தொட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் நகத்தால் கீறினார். ஐந்தரைக்கு மேல், ஒரு நூல் கனத்துக்கு, வெளிறிய பச்சைக் கோடு ஒன்று ஏறிப் போனது. ஆறு அங்குலத்தில் நின்றது.

"அரை இஞ்சு எனக்குக் குடுங்க அம்மணி" என்று ஆறிலேயே வெட்டினார். உட்கார்ந்தபடி, வாக்கரில் கையை முட்டுக்கொடுத்து, நாலு இழுப்பில். பத்து அங்குல உச்சி மடியில் விழுந்தது. அதை எடுத்து ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "அடுப்புக்கு ஆகாது, குப்பையில போடு" என்று கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் காலை கேட்டிலிருந்து "அம்மணி, ஸ்கேலை எடுத்துட்டு வா" என்று குரல் வந்தது. போனேன். கீழ்க்கிளையில் நான் வெள்ளை நூல் கட்டிய இடத்தில் இரண்டு துளிர். பின்பக்கத்தில், ஐந்தே முக்கால் அங்குலத்தில், சிவந்த ஊசி மாதிரி இன்னொன்று.

அண்ணன் வாக்கரை விட்டுவிட்டு ஒற்றைக் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். "டைரியில எழுதிக்குங்க. பின்பக்கம்னு மறக்காம எழுதுங்க" என்றார்.

எழுதினேன்.