ஹெலன் அக்கா மாற்றச் சொன்ன பெயர்

வீரபாண்டியில் தேனிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது ஹெலன் அக்காவின் தம்பி மதுரையிலிருந்து கூப்பிட்டார். "அக்கா போயிட்டாக மீனா. போடிக்குத்தான் கொண்டு வாறோம்" என்றார். வந்த பேருந்தில் ஏறத் தோன்றாமல் நின்றுவிட்டேன். அடுத்ததில் ஏறி மருத்துவமனைக்குப் போய், முதலில் லேபில் சொன்னேன், பிறகு வார்டுகளில். கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் இறந்ததற்கு நர்ஸ்கள் அழுதார்கள் என்றால் வெளியாட்களுக்கு விளங்காது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு விளங்கும்.

அக்காவுடையது போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒரே அறையில் இருந்து, மருத்துவமனையின் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொண்டோம். ஏசி குளிருக்கு அவர் எப்போதும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார்.

ஒருநாள் முற்பகலில் லேப் முடிவுகள் எதுவும் பதிவாகவில்லை. டிஸ்க்கில் இடமில்லை என்றது சர்வர். பார்த்தால் பாதி டிஸ்க் காலியாகக் கிடந்தது. மேலாளர் வாசலில் நின்று, "ரீபூட் பண்ணுங்க, சரியாயிரும்" என்றார். அக்கா என்னிடம் காரணத்தைத் தேடச் சொல்லிவிட்டு நேரே லேபுக்குப் போனார். ஆபரேஷனுக்குத் தயாராக இருந்த ஒரு பெண்ணின் ரத்த முடிவு அங்கே தேங்கிக் கிடந்தது. அதைக் கையால் எழுதி வாங்கி, தியேட்டர் வாசலில் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார். "இப்ப ஆற அமரத் தேடலாம்" என்று உட்கார்ந்தார். ஒரு பரிசோதனைக் கருவி லட்சக்கணக்கில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கிக் குவித்திருந்தது. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்துவிட்டதால், இடம் இருந்தும் புதிதாக ஒன்றைக்கூடச் சேர்க்க முடியவில்லை. வெற்றுக் கோப்புகளை நீக்கியதும் முடிவுகள் வரத் தொடங்கின.

"ரீபூட் பண்ணிருந்தா?" என்று மேலாளர் கேட்டார்.

"திரும்பவும் இங்கனயேதான் வந்து நிக்கும் சார்" என்றார் அக்கா.

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் முருகேசன், படங்கள் இருந்த ஃபோல்டரைத் தவறுதலாக அழித்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவரை அன்றே வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை. "படம் பூராம் பேக்கப்புல இருக்கு, எடுத்துத் தாறேன். எதையும் அழிக்க விடுற ரூட் பாஸ்வேர்டுலயே எல்லாரும் உள்ள போற மாதிரி வச்சிருந்தது நாங்கதான் சார். அவரை மட்டும் எப்படி அனுப்புவீக?" என்றார். பிறகு முருகேசனிடம் திரும்பி, "நீங்க போயி சாப்பிட்டு வாங்க, மூஞ்சி வாடிப்போச்சு" என்றார். சாயங்காலத்துக்குள் படங்கள் திரும்ப வந்தன. போடியில் அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முருகேசனும் ஒருவர்.

நோய் முற்றி மதுரைக்குச் சிகிச்சைக்குக் கிளம்பும்போது, சர்வரில் தன் கணக்கை மூடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. "திரும்பி வரத்தான போறீக, இருக்கட்டும்" என்றேன். "வந்தா தொறந்துக்கிறலாம். ஆளு இல்லாத நேரத்துல சாவி வாசல்ல கெடக்கக் கூடாது மீனா" என்று சொல்லி, அவரே மூடிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் மதுரை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அக்காவின் போன் வந்தது. "பேக்கப் முடிஞ்சதுன்னு மெயிலு வரலையே. அது எம் பேருல ஓடிக்கிட்டிருந்துச்சு. கணக்க மூடுனதும் அதுவும் நின்னுபோச்சு."

"என் பேருக்கு மாத்திரவாக்கா?"

"உன் பேரும் வேணாம். நீயும் ஒருநா இல்லாமப் போவ. பேக்கப்புக்குன்னு தனியா ஒரு பேரு போடு."

மாற்றி, ஓடவிட்டு, சரிபார்க்க ஒரு பதிவை மீட்டுத் திறந்தேன். நேரம் பிடித்தது. இடையில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பயந்துபோய், "லைன்ல இருக்கீகளாக்கா?" என்றேன்.

"இருக்கேன். நீ மெதுவாப் பாரு."

அதற்குப் பிறகு அவர் பேசும் நிலையில் இல்லை.

அவர் சொல்லிக்கொடுத்த லினக்ஸ் கட்டளைகளை எங்கும் படித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசிப் பேச்சைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வார்டிலிருந்து ஒரு நர்ஸ், சிஸ்டம் நின்றுவிட்டது என்று பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "இருக்கேம்மா. மெதுவாச் சொல்லு" என்றேன்.