வெட்டிவேர்ச் சோப்புச் சில்லு

தாராவியில் எங்கள் வீட்டுக்கு எதிரே துணி தைக்கும் அந்தப் பெண், காய்ந்த சோப்புச் சில்லு ஒன்றைப் பென்சில்போலக் காதில் செருகியிருப்பாள். வீட்டிலேயே காய்ச்சிய வெட்டிவேர் சோப்பு. குளித்துத் தேய்ந்த மிச்சத்தால்தான் துணியில் கோடு போடுவாள். என் மகளின் கல்யாணப் பட்டு ரவிக்கைத் துணியிலும் தோள்பட்டைக்கு ஒரு கோடு இழுத்தாள். நான் சட்டென்று துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"எண்ணெய் ஊத்திக் காய்ச்சுனதுதானே, பட்டுல கறை பிடிச்சிராதா?"

"டென்ஷன் எடுக்காதிய அக்கா. தட்டுனா போயிரும். உங்களுக்குப் பயப்படுததுக்கு ஏதாவது வேணும்," என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முகூர்த்தத்தில் எல்லோரும் மகளின் முகத்தைப் பார்க்க, நான் தோள்பட்டையில் கோடு தேடினேன். ஒன்றுமில்லை. நிம்மதியாகத் திரும்பினால், பின்வரிசையில் அவள் எக்கி நின்று அதே தோள்பட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.