உப்புப் பார்க்காத கறி

வலது கை கல் உப்பை அள்ளியது. விரல்களைத் தளர்த்திக் கொஞ்சத்தை உப்புச் சட்டியிலேயே திரும்ப விட்டுவிட்டு, மீதியை அண்டாவின் விளிம்பைச் சுற்றித் தூவியது. இன்னொரு கை. பிறகு அரைக் கை. இடது கை அடி தொட்டு அகப்பையால் புரட்டிக்கொண்டே இருந்தது. வாயை மறைத்து ஒரு துண்டு கட்டியிருந்தது. குலசாமிக்கு ஆக்கும் கறியின்மேல் மூச்சுப் படக்கூடாது. படையல் முடியும்முன் யாரும் உப்புப் பார்க்கவும் கூடாது.

அந்தக் கைக்காரர் நல்லகாமன். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்கு வரும் ஆட்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவப் போனவர், அடுப்பைப் பார்த்துப் பார்த்தே கரண்டி பிடித்தார். இருபது வயதிலேயே சாமி இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். பேர் மட்டும் சாமி பேராகவே நின்றுவிட்டது. அதை வைத்து மெஸ்ஸில் கேலி செய்யாதவர்கள் குறைவு.

அந்த வயதில் அவருக்கு நாக்கு நீளம். விளாங்குடியில் தங்கை அன்னக்கொடியின் கல்யாணப் பந்தியில் சாமிக்கென்று முதல் இலை போட்டிருந்தார்கள். அதற்குச் சூடம் காட்டும்வரை யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. இவர் பிசைந்து வாயில் போட்டார். "சாமி மெதுவா வரட்டும், எனக்குப் பசிக்குது" என்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அன்னக்கொடி தட்டை எடுக்கும்போதெல்லாம் மாமியார் சோணையம்மாள் அந்தப் பேச்சையும் எடுத்தாள். இவருக்கு அது தெரிய வருடங்கள் ஆயின. தெரிந்தபின் பந்தியில் உட்காரும் விதமே மாறிப்போனது. மெஸ்ஸில் கூட வேலை பார்த்த இன்னாசிமுத்து கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டபோது, எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் சொல்ல, இவர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு முடியும்வரை காத்திருந்தார். திருநீறு நீட்டினால் வாங்கிப் பக்கத்தில் நிற்பவர் கையில் போட்டுவிடுவார். பூசவும் மாட்டார், கீழே கொட்டவும் மாட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அன்னக்கொடியின் மகன் மஞ்சள் காமாலை வந்து பிழைத்தான். குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டாள். வழக்கமாக ஆக்குபவர் காய்ச்சலில் விழ, அண்ணனைக் கூப்பிடலாம் என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். சோணையம்மாள் யோசித்துத்தான் சம்மதித்தாள். "இதுலயும் உங்கண்ணன் எச்சி கிச்சி பண்ணுனா, அவரு கூடவே தல்லாகுளத்துக்குப் போயிரு. இந்த வீட்டுக்கு வராத." அன்னக்கொடி இதை அண்ணனிடம் அப்படியே ஒப்பித்து, உப்புப் பார்ப்பதில்லை என்று வாக்கும் வாங்கியிருந்தாள்.

இப்போது கண்மாய்க்கரைக் கோயிலில், கறிக்கு உப்புப் போட்டபின் சோறு வடிக்கப் போய்த் திரும்பியவர், உப்புச் சட்டியைப் பார்த்து நின்றார். பாதிக்கு மேல் காலி.

"யாரு இதுல கை வச்சது?"

அன்னக்கொடியின் முகம் வெளுத்தது. "நாந்தாண்ணே. நேத்திக்கடன் உப்பு, வீட்டுப் பொம்பள போடணும். உங்கண்ணன் விடமாட்டாரு, அவரு அங்கிட்டுப் போனதும் போட்ருன்னு அத்தை சொன்னாக."

"எம்புட்டு?"

"ரெண்டு கையும் சேத்து அள்ளி."

இவருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. குலசாமிக்கு ஆக்குவது இதுதான் முதல் தடவை. கேட்டிருந்தால் தன் கையைக் குறைத்திருப்பார். கேட்கவில்லை. அகப்பையை நிறுத்தி ஆவியை முகர்ந்தார். மிளகும் சீரகமும்தான் வந்தன. உப்புக்கு மணம் கிடையாதே.

வெந்நீர் ஊற்றினார். மிச்சமிருந்த தேங்காயையெல்லாம் அரைக்கச் சொல்லிச் சேர்த்தார். குழம்பு நிறம் வெளுத்தது. போதுமா, கூடிப்போயிற்றா என்று எதை வைத்துச் சொல்ல? இன்னும் நீர் விட்டால் சப்பென்று போகும்.

அன்னக்கொடியின் புருஷன் சிவனாண்டி விறகு தள்ளுவதுபோலக் கிட்டே குனிந்தார். "மச்சான், நான் மறைச்சுக்கிறேன். ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துருங்க. எங்களைத்தான் சாமி கண்ணக் குத்தும். உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது மாப்ள."

"பெறகென்ன? கறி கரிச்சா எங்காத்தா சும்மா விடுமா? வேணும்னே பண்ணிட்டாருன்னுதான் சொல்லும்."

நல்லகாமன் தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லு. பாக்கவா?"

அவள் முந்தானையை முறுக்கினாள். "பாத்தியான்னு அத்தை என்னையத்தான் கேப்பாக. இல்லேன்னு சாமி முன்னாடி பொய் சொல்லவாண்ணே? கரிச்சா, நான் போட்டேன்னு ஒத்துக்கிறேன்."

"நீ ஒண்ணும் ஒத்துக்க வேணாம்."

"அப்ப என்னதான்யா பண்றது?" என்றார் சிவனாண்டி.

வேப்பமரத்தடியில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். அங்காளி பங்காளி எல்லாம் வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தது. நல்லகாமன் அந்தப் பக்கம் தலையை அசைத்தார். "சாமிக்குப் பயந்து இல்ல மாப்ள. எச்சில் படாத கறின்னு நம்பி உக்காருறாக. எச்சில் பட்டத அவுகளுக்குத் தெரியாமப் போட்டுட்டு, நல்லா இருக்கான்னு அவுககிட்டயே கேக்கச் சொல்றியா? அன்னைக்கு எல்லாரும் பாக்கத் தின்னேன். இன்னைக்கு ஒளிஞ்சு தின்னா, அதவிடக் கேவலம்."

சிவனாண்டி விறகை ஓங்கி உள்ளே தள்ளிவிட்டுப் போனார். தீப்பொறி பறந்தது. நல்லகாமன் மீண்டும் புரட்டினார். ஒரு தடவை அகப்பை விளிம்பில் வழிந்தது புறங்கையில் பட்டது. சுட்டது. பழக்கதோஷத்தில் கை வாயை நோக்கி உயர்ந்து, துண்டில் இடித்து நின்றது. சாம்பலில் துடைத்துக்கொண்டார்.

பூசாரி மொக்கையன் வந்து நின்றார். பின்னாலேயே சோணையம்மாள்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சு."

நல்லகாமன் முதல் அகப்பையைப் புது மண்சட்டியில் ஊற்றினார். கறித்துண்டு மேலே தெரிய இன்னொன்று. சோணையம்மாள் கண் சட்டியில் இல்லை. அவர் உதட்டை மறைத்த துண்டில் இருந்தது. துண்டு காய்ந்துதான் கிடந்தது.

"உப்புப் பாத்தீகளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் அன்னக்கொடியின் பக்கம் திரும்பினாள். அன்னக்கொடி நிமிர்ந்தே நின்றாள். "பாக்கல அத்தை." ஆனால் கண் சட்டியைவிட்டு நகரவில்லை.

சோணையம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். அந்தச் சட்டியில் என்ன ருசி இருக்கிறதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நல்லகாமன் அடியில் வைக்கோல் பிரிமணையைக் கொடுத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பூசாரியிடம் நீட்டினார்.

"சூடு. விளிம்புல பிடிக்காதீக."