ஏழு கத்தல், ஒரு பாட்டு

என் வீட்டுக்காரருக்குக் காது மருத்துவமனையில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்பார். அவ்வளவு மெதுவாகப் பேசுவார். அதே மனுஷன் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மெட்டல்கோர் இசைக்குழுவில் தொண்டை கிழியக் கத்துவார். முதல் தடவை கேட்டபோது, யாரோ இவர் காலில் பீரோவைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் ஓடினேன்.

கிதார்காரர் வீட்டு மாடி அறையில்தான் பதிவு. சுவரெல்லாம் மெத்தை. டிரம்ஸ் என் தம்பி. நாலு வருஷம் இழுத்தடித்து முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு சேர்த்தார்கள். ஏழில் கத்தல். எட்டாவதில் மட்டும் எல்லாம் அடங்கி, இவர் எட்டு வரி நிஜமாகவே பாட வேண்டும்.

அங்கேதான் வம்பு. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் இவரிடம், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றாராம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் குளியலறையில்கூட இவர் ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அந்த வாத்தியார் மட்டும் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கடைசி நாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒரு தடவை பாடினார். கதவில் காதை வைத்துக் கேட்டேன். குரல் நடுங்கியது. ஆனாலும் நன்றாக இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிவைப் போட்டுப் பார்த்தால், குரலுக்கு அடியில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். தாளம் தப்பாமல் இருக்க ஹெட்போனில் ஓடும் தட்டல், வெளியே கசிந்து மைக்கில் ஏறியிருந்தது.

"எவ்வளவு சத்தத்துல வச்சீங்க மாமா?" என்றான் தம்பி.

"ஃபுல்லா. என் குரல் எனக்கே கேக்கக் கூடாதுன்னு..."

ஹெட்போன் சத்தத்தைக் குறை என்று ஊரில் ஒருத்தர் விடாமல் திட்டுகிற ஆள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை பாடிடுங்களேன்" என்றார் கிதார்காரர்.

"என்னால முடியாது. அந்தப் பாட்டையே தூக்கிடுங்க. ஏழு போதும்."

தூக்கினால் இந்த ஜென்மத்தில் இவர் மறுபடி பாடமாட்டார். எனக்குத் தெரியாதா? "தூக்கித்தான் பாருங்க! இந்தப் படி ஏற மாட்டேன். சோறும் வராது" என்று சத்தம் போட்டேன். ஏழு பாட்டிலும் மாமா கத்தினது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான்.

அவன் போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு டிக்கின் மேலேயும் டிரம் விளிம்பில் குச்சியால் ஒரு தட்டு தட்டினான். டிக் காணாமல் போனது. வேண்டுமென்றே வைத்த தாளம்போலக் குச்சிச் சத்தம் மட்டும் கேட்டது. இவர் நாலு தடவை போட்டுக் கேட்டார்.

"சரி, இருக்கட்டும்" என்றார்.

ஆல்பம் வெளியாகிவிட்டது. கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் பாதிப் பேர் அந்தக் குச்சித் தாளம் பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்கள். தம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் இவர் பாத்திரம் கழுவும்போது பாடுகிறார். சுருதி அங்கங்கே சறுக்கும். நான் டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். நடுவில் கூச்சத்தோடு திரும்பிப் பார்ப்பார். நான் கையைத் தூக்குவேன்.