மாமாவின் சோற்றாங்கைப் பக்கம்

அத்தையின் கணவரான என் மாமா, யார் பேச்சையும் காதில் வாங்காதவர். அத்தையின் பிக்கப் வண்டி சொன்னால் மட்டும் கேட்பார். அதற்காக முன்சீட்டின் அடியில் குப்புறப் படுத்து, தரைத் தகட்டில் காதை ஒட்டிக்கொள்வார். அத்தை ஓட்டுவாள்.

நாலு சக்கரமும் இழுக்கும் அந்த வண்டியில்தான் அத்தை மலைப் பண்ணையிலிருந்து பால் கேன்களை இறக்குகிறாள். மூன்று மாதமாக முன்சக்கரம் ஒன்று முனகியது. கடைசியில் அவள் பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டாள்.

"நாலு மணிக்கு வர்றார். ஒரு சுத்து ஓட்டிக் காட்டுவேன். முனகுச்சுன்னா அவருக்கு, முனகலைன்னா நமக்கு."

"அப்படியே என்னையும் சேத்து எடைக்குப் போட்டுடு!" என்றார் மாமா, முகம் சுண்டி.

"கேட்டுட்டேன். வேணாங்கிறார்."

மாமா உடனே காதை ஒட்டினார். தெருவை மூன்று முறை சுற்றி வந்ததும் எழுந்தார். "சோத்தாங்கைப் பக்கம். பேரிங் செத்துப்போச்சு. மருமகளே, நான் போய் ஒரு செட் வாங்கிட்டு வரேன், நீ கழட்டி வை."

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்குப் பத்து நாளாக வீட்டில் கால் நிற்கவில்லை. ஆசையாக வலது பக்கம் ஜாக்கி வைத்தேன். சக்கரம், பிரேக், லாக், நட்டு எல்லாம் கழன்றன. பேரிங் உட்காரும் நடுக்குடமான ஹப்பை உருவிப் பின்கட்டு மேசையில் வைத்தேன்.

மாமா பின்வாசல் வழியாகவே வந்து மேசையில் உட்கார்ந்தார். பழைய பேரிங்குகளையும், அவை உட்கார்ந்திருந்த வளையங்களையும் தட்டி எடுத்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாரு, எப்படிச் செத்துக் கிடக்கு! பிணம்!"

எனக்குப் பளபளவென்றுதான் தெரிந்தது. வைத்தியரே சொன்னபின் நான் யார்? பிணத்தை டீசல் தட்டில் போட்டார். புதியதில் உள்ளங்கையால் கிரீஸ் திணித்து ஹப்பில் பொருத்திக் கொடுத்தார். நான் கொண்டுபோய் மாட்டினேன்.

நாலு மணிக்கு இரும்புக் கடைக்காரர் ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனை வரை போய் முனகிக்கொண்டே திரும்பி வந்தது. மாமா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை இறங்கி, என் கிரீஸ் விரல்கள் பதிந்த சக்கரத்தைப் பார்த்தாள். "இந்தப் பக்கத்தை எதுக்குடி கழட்டினே?"

"மாமாதான் சோத்தாங்கைப் பக்கம்னார்."

"அவர் எந்தக் கையில சாப்பிடுவார்?"

மாமா இடது கைக்காரர். பத்து நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கவனிக்கவில்லை. எதிரே இருப்பவரின் இடது கை நம் வலது பக்கம்தானே இருக்கிறது!

"அப்போ இது கணக்குல சேராது," என்று மாமா துள்ளி எழுந்தார். "வைத்தியமே பாக்காத காலை வச்சு நொண்டின்னு சொல்லலாமா?"

"அஞ்சரை வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல வீட்டுல தேடுவாங்க," என்றார் கடைக்காரர்.

பேரிங் கடை நாலு மணிக்கே மூடிவிடும். எனக்குத் தட்டில் கிடந்த பிணம் நினைவுக்கு வந்தது. வலது பக்கம் முனகவே இல்லையென்றால், அது எப்படிச் செத்திருக்கும்?

மாமா அதை எடுத்து டீசலில் கழுவி, விரலில் மாட்டிச் சுழற்றினார். பூப்போலச் சுற்றியது. "சாகலைடா கண்ணு. மயக்கம்தான்," என்று கொஞ்சினார்.

இடது பக்கத்தைக் கழற்றினோம். அங்கே நிஜமான பிணம் இருந்தது. உருளைகள் எல்லாம் சொத்தைப் பல் மாதிரி. கடைக்காரரே டார்ச் பிடித்தார். மாமா மயக்கம் தெளிந்ததைக் கிரீஸ் திணித்து அந்த இடத்தில் பொருத்தினார். நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேலும் கொஞ்ச நேரம் கேட்டார், வெறும் சந்தோஷத்துக்காக.

ஐந்தே காலுக்கு எல்லோரும் ஏறினோம். வண்டி வாயே திறக்கவில்லை. கடைக்காரர் பெருமூச்சு விட்டார். மாமாவோ, பேரிங் மயங்கியதும் தெளிந்ததும் எப்படி என்று ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"மூணு மாசமா அந்த முனகல்ல இவர் பேசினது எதுவும் என் காதுல விழலை," என்றாள் அத்தை. "நல்லாத்தான் இருந்திருக்கேன்."

வண்டியை விற்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை பெயின்ட் எடுத்து, முன்சக்கரங்களுக்கு மேலே இடது பக்கம் 'இவர் சோறு', வலது பக்கம் 'ஊர் சோறு' என்று எழுதிவிட்டாள்.

மலைப்பாதையில் இப்போது ஆட்கள் வண்டியை நிறுத்தி, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.