கவிழ்த்த வாளி

காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகியும் களைப்பு விடவில்லை. அப்போது மலேயாவில் கோத்தா திங்கி பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. விடியற்காலையில் வேலையாட்கள் வரிசைகட்டும் பெரட்டில் நின்றுகொண்டே ஆள் கணக்கு எடுக்கவேண்டும். முடியாவிட்டால் வேலை போய்விடும். ஒரு நாள் கொஞ்சம் தெம்பு வந்தது. தோட்டம் முழுதும் சுற்றி வந்தேன். மறுநாள் பெரட்டில் துரைக்கு முன்னால் கால் மடங்கி விழுந்தேன்.

"நேத்து நல்லாத்தானே நடந்தாரு? நடிப்புங்க தொரை," என்றார் கங்காணி.

பால்மரம் வெட்டும் அஞ்சலை தன் வாளியைக் கவிழ்த்து என்னை உட்காரவைத்தாள். "நேத்து நடந்ததுக்குத்தான் இன்னிக்கு விழுந்துட்டாரு. எம் புருசனும் இப்படித்தான். சாகுற வரைக்கும் யாரும் நம்பல."

வேலை போயிற்று. களைப்பு போகவில்லை. பிறகு பார்த்த பதினொரு டாக்டர்களும் உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வாளிமேல் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம் மட்டுந்தான் நான் பொய்யனாக இல்லை.